வெள்ளை நாயின் அடையாளக் குறி

படிவத்தில் 'அடையாளக் குறிகள்' என்று ஒரு கட்டம். எதிரே நிற்பது ராஜபாளையம் நாய். தலை முதல் வால் வரை வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம். அதன் தாயும் அப்படித்தான், கூடப் பிறந்ததும் அப்படித்தான், பக்கத்துத் தெருவில் கட்டிக் கிடப்பதும் அப்படித்தான். பேனாவைப் பிடித்துக்கொண்டு விழித்தேன்.

"என்ன தம்பி யோசனை? வெள்ளைன்னு எழுதுங்க" என்றார் நாய்க்காரர்.

எழுதினேன். வருஷம் 1984. அப்போது ராஜபாளையம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. விருதுநகர்ப் பக்கத்துக்குத் தனி மாவட்டம் அடுத்த ஆண்டுதான் வந்தது. நான் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளையில் உதவியாளர், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். 1973 ஜனவரி முதல் தேதி தேசியமயமாக்கலில் 107 கம்பெனிகளைக் கரைத்து நான்காக வார்த்திருந்தார்கள்: பம்பாயில் நியூ இந்தியா, கல்கத்தாவில் நேஷனல், டெல்லியில் ஓரியண்டல், சென்னையில் யுனைடெட் இந்தியா. நான்கில் எது என்னுடையது என்று சொல்லப்போவதில்லை. சொல்லப்போகிற கதையில் எங்கள் பக்கம் அவ்வளவு அழகாக இல்லை.

எனக்கு ஊரகப் பிரிவு. ஊரகம் என்றால் மாடு. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1980 அக்டோபரில் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் வந்தபோது, வங்கிக் கடனில் கறவை மாடு வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாலிசி போனது. மாட்டின் காதில் எண் பொறித்த வில்லை ஒன்றைக் குத்துவோம். மாடு செத்தால் வில்லை திரும்பி வரவேண்டும். காது வில்லை இல்லை என்றால் இழப்பீடு இல்லை, இதுதான் அந்தப் பிரிவின் முதல் வேதம். சிலர் காதையே வில்லையோடு அறுத்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தால் அன்றைக்குப் பட்டினிதான்.

நாய்ப் பாலிசி அந்த மாட்டுப் பாலிசிக்குத் தம்பி. அண்ணனின் சட்டையைத்தான் வெட்டித் தைத்துப் போட்டிருந்தார்கள், எங்கெங்கோ தொளதொளத்தது. நாயின் சந்தை விலைதான் காப்பீட்டுத் தொகை. எங்கள் கிளையில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் பிரீமியம். விபத்திலோ நோயிலோ நாய் செத்தால் விலையைக் கொடுப்போம். மாட்டுக்குச் சப்பை நோய், தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது போல, நாய்க்கு ரேபிஸ், டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஊசிகள். 1978ல் உலகத்துக்கே புதிதாக முளைத்து இரண்டு வருஷத்தில் கண்டம் கண்டமாகப் பரவிய பார்வோவின் பெயர் எங்கள் படிவத்தில் இன்னும் ஏறியிருக்கவில்லை. குட்டிகள் ரத்தமாகக் கழிந்து செத்துக்கொண்டிருந்தன, படிவம் பழைய நோய்களையே ஒப்பித்துக்கொண்டிருந்தது. நாய்க்குக் காது வில்லை குத்த முடியாது. அதனால் இரண்டு புகைப்படம், டாக்டர் சான்றிதழ், அப்புறம் அந்த 'அடையாளக் குறிகள்'.

நாய்க்காரர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "மருந்துச் செலவு எதுல வருது?"

"அது கிடையாது அண்ணாச்சி. செத்தாத்தான்."

"அப்ப பிழைக்க வைக்கிறதுக்கு நான் செலவழிச்சா அது என் பாடு. செத்துப்போனா உங்க பாடா?"

"ஆமா."

"நல்லாருக்கு தம்பி உங்க கணக்கு" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. நாய்க் காப்பீட்டின் வரலாற்றில் முதலில் நாயே இல்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிராமத்துக் கூலிக்காரனின் சொத்து பெரும்பாலும் ஒரு பசு, இல்லாவிட்டால் கொல்லைப்புறத்தில் ஒரு பன்றி. அது செத்தால் அந்த வருஷம் செத்தது. அதனால் ஊர்க்காரர்கள் பசுச் சங்கம், பன்றிச் சங்கம் என்று வைத்துக்கொண்டு ஆளுக்குச் சில பென்னிகள் போட்டார்கள். விருதுநகர்க்காரர்களுக்கு மகமை என்று சொன்னால் உடனே புரியும். யாருடைய பசு எது, சீக்காளி எது என்று ஊருக்கே தெரியும், அதனால் ஏமாற்றும் குறைவு. ஆனால் 1865ல் வெக்கை நோய் பிரிட்டனுக்குள் நுழைந்து லட்சக்கணக்கான மாடுகளை வாரிக்கொண்டு போனது. நூறு பேரில் ஒருவருடைய மாடு சாகும் என்ற கணக்கில் சேர்த்த பெட்டி, நூறு பேருடைய மாடும் ஒன்றாகச் சாகும்போது என்ன செய்யும்? தொற்றுநோய்க்குத் தனி நிபந்தனை, தடுப்பூசிச் சான்றிதழ் என்று இன்றைய நாய்ப் பாலிசியில் வருகிற வரிகளை நான் அந்த வெக்கை நோயின் பேரப்பிள்ளைகளாகத்தான் பார்க்கிறேன்.

1890ல் ஸ்வீடனில் கிளேஸ் வர்ஜின் என்பவர் குதிரைக்கும் கால்நடைக்கும் பாலிசி எழுதினார். இன்றைய வளர்ப்புப் பிராணிக் காப்பீட்டின் தொடக்கம் என்று அந்த வருஷத்தைத்தான் காட்டுவார்கள். குதிரை அன்றைக்கு லாரி, டிராக்டர், டாக்ஸி எல்லாம். அதற்கு விலை உண்டு, சம்பாத்தியம் உண்டு. அதே ஸ்வீடனில் ஒரு நாய்க்குப் பாலிசி கிடைக்க 1924 வரை ஆயிற்று. முப்பத்துநாலு வருஷம் நாய் வாசலில் காத்திருந்ததற்குக் காரணம் எளிது. செத்தால் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டால் நாய்க்குப் பதில் இல்லை. வேட்டை நாய்க்கு ஒரு விலை சொல்லலாம், வாசலில் படுத்திருப்பதற்கு?

இனி ராணியின் கதை.

1988 என்று நினைவு. அதே நாய்க்காரர், வேறு நாய், அதே வெள்ளை. காப்பீட்டுத் தொகை இரண்டாயிரம் ரூபாய். சினையாக இருந்த நாய், மலையடிவாரத் தோட்டத்தில் முயலைத் துரத்திப்போய்த் தூர்ந்த கிணற்றில் விழுந்துவிட்டது. கயிறு கட்டித் தூக்கினார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி நாள் நிறையாமலே குட்டி தள்ள ஆரம்பித்து, ரத்தப்போக்கு நிற்காமல், மாட்டாஸ்பத்திரி திறப்பதற்குள் முடிந்துவிட்டது. டாக்டரின் சான்றிதழில் சாவுக்குக் காரணம்: ஈனும்போது ஏற்பட்ட ரத்தப்போக்கு. எங்கள் பாலிசியின் விதிவிலக்கில் ஒரு வரி: சினை, ஈற்று சம்பந்தமான சாவுக்குப் பொறுப்பில்லை. மேலாளர் சான்றிதழையும் அந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மறுப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்.

நாய்க்காரர் சண்டை போடவில்லை. "கெணத்துல விழாம இருந்தா அது ஏன் தம்பி அன்னைக்கு ஈனப்போகுது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வருஷத்தோடு பாலிசியைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து, பதவி உயர்வு ஆசையில் அசோசியேட்ஷிப் பரீட்சைக்குக் கடல் காப்பீட்டுப் பாடம் படித்தேன். ராஜபாளையத்தில் கடல் எங்கே இருக்கிறது என்று வீட்டில் கேலி. அதில் இரண்டு பழைய லண்டன் வழக்குகள் இருந்தன. 1821ல் லாரன்ஸ் எதிர் அபர்டீன், 1825ல் கபே எதிர் லாயிட். கப்பலில் ஏற்றிய உயிருள்ள கால்நடைகளுக்குக் காப்பீடு எடுத்திருந்தார்கள். 'சாவுக்கும் கடலில் எறிவதற்கும் பொறுப்பில்லை' என்று பாலிசியில் ஒரு வாசகம். புயலில் கப்பல் உருண்டதில் மிருகங்கள் அடிபட்டுச் செத்தன. இரண்டாவது வழக்கில் குதிரைகள். நடுவில் இருந்த தடுப்புகள் உடைந்து ஒன்றையொன்று உதைத்துக்கொண்டே செத்தன. சாவுக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறதே என்றது காப்பீட்டுத் தரப்பு. நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வாசகம் தானாக வருகிற சாவுக்கு. இங்கே கொன்றது புயல். குதிரையின் குளம்பு வெறும் கருவி.

புத்தகத்தை மூடிவிட்டேன். கிணறு ஞாபகம் வந்துவிட்டது.

அதே பாடத்தில் 1918ஆம் ஆண்டின் லேலண்ட் கப்பல் கம்பெனி வழக்கும் உண்டு. முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கியின் குண்டு பட்ட கப்பல் ஒன்று தட்டுத்தடுமாறி பிரான்சின் லே ஹாவர் துறைமுகம் வரை வந்து, அங்கே காற்றிலும் அலையிலும் இடிபட்டு மூழ்கியது. கொன்றது அலையா குண்டா? குண்டுதான் என்றது பிரபுக்கள் சபை. காரணங்களில் கடைசியாக வந்தது எது என்று பார்க்கக் கூடாது, வலுவானது எது என்று பார்க்க வேண்டும். போர் ஆபத்துக்கு அந்தப் பாலிசியில் விலக்கு இருந்ததால் அன்றைக்கு ஜெயித்தது காப்பீட்டுக் கம்பெனி. ஜெயித்தது யாராக இருந்தால் என்ன, ராணியின் விஷயத்தில் கிணறுதான் குண்டு, ஈற்றுதான் அலை. நாங்கள் அலையைப் பார்த்துக் கடிதம் எழுதிவிட்டோம். நான் அந்த அத்தியாயத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். நாய்க்காரரைப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்து என்ன சொல்வது?

இதுவரை சொன்னதெல்லாம் செத்த நாயின் கதை. உயிருள்ள நாயின் பில்லுக்குக் காப்பீடு என்பது வேறு யோசனை. அதற்கு முதலில் பில் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கால்நடை மருத்துவரின் பிழைப்பு குதிரையில் இருந்தது. மோட்டார் வந்து குதிரை போன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக நாயும் பூனையும் அவருடைய மேஜைக்கு ஏறின. பெனிசிலின் வந்தது, எக்ஸ்ரே வந்தது, நம்பிக்கையோடு கொடுக்கக்கூடிய மயக்க மருந்து வந்தது. பிரிட்டனில் சிறுபிராணி மருத்துவர்களுக்கென்று தனிச் சங்கமே 1957ல்தான் உண்டானது. ஒரு கட்டத்தில் நாயின் விலையைவிட அதன் காலை ஒட்டவைக்கும் செலவு அதிகமாகிவிட்டது. மாட்டில் இது நடப்பது அபூர்வம், அந்த நிலை வந்தால் விவசாயி மாட்டைத் தள்ளிவிடுவான். நாயைத் தள்ள முடியவில்லை. சந்தை விலையை அளவுகோலாக வைத்த பழைய பாலிசி அந்த இடத்தில் அர்த்தம் இழந்தது.

பிரிட்டனின் முதல் வளர்ப்புப் பிராணிப் பாலிசி 1947 என்பார்கள். அடுத்த வருஷம் ஜூலை 5ந் தேதி அந்த நாட்டில் தேசிய மருத்துவச் சேவை தொடங்கி, மனிதர்களுக்கு ஆஸ்பத்திரி பில் இல்லாமல் போயிற்று. இது என் சொந்த அனுமானம்தான்: வீட்டில் யாருக்குமே வைத்தியச் செலவு என்றால் என்னவென்று தெரியாத நாட்டில், நாய் ஒன்றுக்கு மட்டும் பில் வந்தால் அது எவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும்! அந்தச் சந்தையைச் சரியாகப் பிடித்தவர்கள் பாட்ஸி ப்ளூம், டேவிட் சிம்ப்சன் என்ற இருவர். 1976ல் ஐந்நூறு பவுண்டு முதலில் பெட்பிளான் தொடங்கினார்கள். இருபது வருஷம் கழித்து கார்ன்ஹில் நிறுவனம் அதை வாங்கியபோது விலை 3.25 கோடி பவுண்டு. நாங்கள் மாட்டின் காதை எண்ணிக்கொண்டிருந்த அதே காலம்.

அமெரிக்காவில் ஜாக் ஸ்டீபன்ஸ் என்ற கால்நடை மருத்துவர். வைத்தியத்துக்குப் பணமில்லாததால் ஒரு குடும்பத்தின் நாயைக் கருணைக்கொலை செய்ய வேண்டி வந்தது அவருக்கு. பிறகு ஒருநாள் கடையில் அந்த வீட்டுச் சிறுமி அவரைப் பார்த்து, நம் நாயைக் கொன்றவர் என்று அம்மாவிடம் காட்டினாள். அதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1982ல் அவருடைய நிறுவனம் கொடுத்த முதல் பாலிசி, தொலைக்காட்சியில் லாஸியாக நடித்த நாய்க்கு. விளம்பரம் தெரிந்த மனிதர்! அந்த நிறுவனத்தின் பாலிசியோடு ஒரு நீண்ட அட்டவணை வரும். காது ரணமா, இவ்வளவு. எலும்பு முறிவா, இவ்வளவு. பில் எவ்வளவு வந்தாலும் அட்டவணையில் உள்ளதுக்கு மேல் கிடையாது. நியாயமான முறைதான், ஆனால் நாய் படுத்த பிறகுதான் மக்கள் அட்டவணையைப் படித்தார்கள்.

படிக்காதவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் மகளே முப்பத்தொன்பது பக்கப் பாலிசி ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, "அப்பா, எதை எடுக்கட்டும், சீக்கிரம் சொல்லுங்க" என்றாள். அவள் லெஸ்டரில் இருக்கிறாள், லாப்ரடார் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறாள். பரம்பரை பரம்பரையாக எங்கள் வீட்டில் நாய் திண்ணையோடு சரி, இது சோபாவில் தூங்குகிறது.

அந்த ஊரில் நாலு தினுசு உண்டு. விபத்துக்கு மட்டும் என்பது ஒன்று, அதை விடுங்கள். பன்னிரண்டு மாதப் பாலிசி என்பது, ஒரு நோய் தொடங்கின நாளிலிருந்து ஒரு வருஷம் பார்க்கும், அதற்குப் பிறகு அந்த நோய் உங்களுடையது. உச்சவரம்புப் பாலிசியில் காலக்கெடு இல்லை, ஆனால் ஒரு நோய்க்கு இவ்வளவு என்று ஒரு குடம் கொடுத்துவிடுவார்கள். குடம் காலியானால் அந்த நோய்க்குக் கதவு மூடியது. வாழ்நாள் பாலிசியில் வருஷா வருஷம் குடத்தை மறுபடி நிரப்புவார்கள். விலையும் அந்த வரிசையில்தான் ஏறும். மகளுக்கு நான் சொன்னது இதுதான்: தோலில் வருகிற ஒவ்வாமை, சர்க்கரை, மூட்டுத் தேய்வு, இதெல்லாம் ஒரு வருஷத்தில் முடிகிற சமாசாரமா? லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு பற்றித் தெரியாத டாக்டர் இல்லை. வாழ்நாள் பாலிசி எடு, ஒரு வருஷம்கூடப் புதுப்பிக்காமல் விடாதே. 'வாழ்நாள்' என்று பெயர் இருந்தாலும் அது வருஷ ஒப்பந்தம்தான். விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போனால், அதுவரை வந்த நோயெல்லாம் 'முன்பே இருந்த நோய்' ஆகிவிடும்.

முன்பே இருந்த நோய் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல பாலிசிகள் இரட்டை உறுப்புகளை ஒன்றாகவே பார்க்கும். பாலிசிக்கு முன்னால் நாய்க்கு இடது முழங்கால் தசைநார் கிழிந்திருந்தால், பின்னால் வலது கிழியும்போதும் பழைய நோய்தான் என்று கைவிரிப்பார்கள். கேட்க அநியாயமாக இருக்கும். ஆனால் ஒரு முழங்கால் போன நாய்க்கு மற்றதும் போவது சகஜம் என்பது மருத்துவம் ஒத்துக்கொண்ட உண்மை. இப்படிப்பட்ட விஷயங்களைக் கண்டுபிடிக்கக் காப்பீட்டுக் கணக்கேடுகளே உதவியிருக்கின்றன. ஸ்வீடனின் அக்ரியா நிறுவனம் வைத்திருந்த கிளைம் பதிவுகளைக் கொண்டு, எந்த இன நாய் எந்த வயதில் எதனால் சாகிறது என்று விஞ்ஞானிகள் கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். எங்கள் ராஜபாளையம் நாய்க்கு அப்படி ஒரு கணக்கேடு இல்லை. அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து செவிட்டுத்தன்மையும் வருகிறது என்பது வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு குட்டி கூப்பிட்டால் திரும்பாது, கைதட்டினால் திரும்பாது. பிறவிக் குறைக்குப் பொறுப்பில்லை என்கிற வரியைக் காட்டினால் இந்த இனத்தின் அழகே விதிவிலக்கில் போய் நிற்கும்.

அப்புறம் கையிலிருந்து போடுகிற பணம். மகளின் பாலிசியில் ஒரு நோய்க்கு முதல் நூறு பவுண்டு அவளுடையது. நாய்க்கு வயதான பிறகு மிச்சத்திலும் நூற்றுக்கு இருபது அவளுடையது. மூவாயிரம் பவுண்டு பில் என்றால் நூறு கழித்து 2,900, அதில் ஐந்தில் ஒன்று 580. ஆக அவள் கட்டுவது 680, கம்பெனி கொடுப்பது 2,320. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு அனுப்பினேன். "இதை முன்னாலேயே இப்படிச் சொல்லியிருந்தா முப்பத்தொன்பது பக்கம் எதுக்குப்பா?" என்றாள். அந்த முப்பத்தொன்பது பக்கமும் யாரோ ஒரு நாய்க்காரருக்கு மறுப்புக் கடிதம் எழுதி, அவர் சண்டை போட்டு, மறு அச்சில் ஒரு வரி சேர்த்து, இப்படித்தான் நீண்டிருக்கும் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

காப்பீடு பரவிய ஊரில் வைத்தியச் செலவும் ஏறுகிறது. இங்கிலாந்தில் மருத்துவரல்லாதவர்களும் கால்நடை மருத்துவமனை வைத்துக்கொள்ளலாம் என்று 1999ல் விதி தளர்ந்தது. 2013ல் பத்தில் ஒரு மருத்துவமனை பெரிய குழுமங்களின் கையில் இருந்தது. பத்து வருஷத்தில் அது பத்தில் ஆறை நெருங்கிவிட்டது. 2023 செப்டம்பரில் அந்நாட்டின் போட்டி ஆணையம் கட்டணங்களைத் துருவ ஆரம்பித்தது. அமெரிக்காவில் மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் சங்கம் 2022ல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதியது: நோய்க்குக் காத்திருப்புக் காலம் முப்பது நாளைத் தாண்டக் கூடாது, விபத்துக்குக் காத்திருப்பே கூடாது, நோய் முன்பே இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனி. கடைசி விதி 1988ல் என் மேலாளரின் மேஜைக்கு வந்திருந்தால் சிரித்திருப்பார்.

நம் ஊரில் 2020 ஆகஸ்டில் பஜாஜ் அலையன்ஸ் வைத்தியச் செலவோடு கூடிய நாய்ப் பாலிசியைக் கொண்டுவந்தது. பின்னாலேயே வேறு சில தனியார் நிறுவனங்களும் வந்தன. அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு, சாவு, திருட்டு, காணாமல் போவது, நாய் யாரையாவது கடித்தால் அதற்கான பொறுப்பு என்று தனித்தனி அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வோர் அறைக்கும் ஒரு வரம்பு. சில்லு பதித்த நாய்க்குப் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. தோலுக்கடியில் அரிசி அளவு ஒரு சில்லு, அதில் பதினைந்து இலக்க எண். வெள்ளைன்னு எழுதுங்க என்ற காலம் முடிந்தது. அடையாளக் குறிக்கு ஒருவழியாக விடை கிடைத்துவிட்டதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

பாலிசி எடுக்கப் போகிறவர்கள் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிற மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரி என்கிற அறைக்கு மட்டும் எவ்வளவு, ஒரு நோய்க்கா ஒரு வருஷத்துக்கா, புதுப்பிக்கும்போது குடம் நிரம்புமா, எந்த வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள், இந்த நாலையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தடுப்பூசி அட்டையைச் சமையலறை அலமாரியில் போடாமல் ரேஷன் கார்டோடு வையுங்கள்.

என் வீட்டில் இருப்பது கருப்பி. தெருவில் பிறந்து, மழை நாளில் படியேறி வந்து, இறங்க மறுத்துவிட்டவள். பழைய படிவத்தில் சந்தை விலை என்ற கட்டத்தில் நான் பூஜ்யம்தான் எழுதியிருக்க வேண்டும். புதிய பாலிசிகளில் நாட்டு நாயையும் சேர்க்கிறார்கள். நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். விசாரித்தபோது அவளுக்கு வயது பத்துக்கு மேல் என்று டாக்டர் பல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டார். நான் கேட்ட இடத்தில் அந்த வயதுக்குப் புதிதாகச் சேர்க்கவில்லை. முப்பத்தாறு வருஷம் காப்பீடு விற்றவன் வீட்டு நாய்க்குக் காப்பீடு இல்லை.

அதனால் அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்கி மாதம் ஐந்நூறு ரூபாய் கட்டுகிறேன். ஐந்து வருஷக் கணக்கு. மூன்று வருஷம் முடியாமல் அதை மூட முடியாது என்ற விதியைப் பணம் கட்டிவிட்டு வந்த பிறகுதான் படித்தேன். ஒரு வருஷம் கட்டியபின் அதில் பாதி வரை கடன் தருவார்களாம்.